மாற்றிச் சொன்ன சாட்சிகள்

1995-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ராக் இசைக் குழுவாகிய ஒயாசிஸ் தனது இரண்டாவது இசைத்தட்டை வெளியிட்டது. ‘வாட்ஸ் த ஸ்டோரி மார்னிங் குளோரி?’ என்பது அதன் நீண்ட பெயர். நாம் ‘மார்னிங் குளோரி’ என்றே சுருக்கி வழங்குவோம். அந்நாளில் அந்நாட்டு ஏடுகளில் வந்த மதிப்புரைகளைப் புரட்டினால், அவற்றுட் பல உதட்டைப் பிதுக்கியிருப்பதைக் காணலாம். முதல் தட்டின் வேகம் இதில் இல்லை, பாட்டின் சொற்களில் பொருள் இல்லை, பழம்பாட்டுகளின் சாயலே மிகுதி என்று எழுதினார்கள். அவர்கள் எழுதிய மை உலர்வதற்குள், முதல் வாரத்திலேயே, பிரிட்டனில் மட்டும் மூன்றரை இலட்சத்தை ஒட்டிய பிரதிகள் விற்றுப்போயின. பிற்காலத்தில் உலகெங்கும் விற்ற தொகை 2 கோடியையும் தாண்டியது.

விமர்சகர் கூற்றும் வாங்குவோர் விருப்பமும் பொருந்தாமற் போவது எம்மொழியிலும் எக்காலத்திலும் நிகழ்வதே. அதற்காக ஒரு கட்டுரை வேண்டியதில்லை. நம் கவனத்தை ஈர்த்தது அதன் பின்னர் நடந்ததாகும். திரண்ட கூட்டத்தைக் கண்ட விமர்சகர்கள் தம் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார்கள்; இரண்டாண்டு கழித்து அடுத்த தட்டு வெளிவந்தபோது, மறுபடியும் தவறிவிடக் கூடாதே என்ற அச்சத்தில், தகுதியில்லாததற்குத் தகுதிச் சான்று வழங்கினார்கள். ராக் இசை நம் இல்லங்களுக்கு அயலானதாயிற்றே, அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று கேட்கின்ற பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது, ஈண்டு நாம் ஆராயப் புகுவது இசையைக் காட்டிலும் விமர்சனத்தையே என்பதுதான். நூலுக்கும் பாட்டுக்கும் மதிப்புரை எழுதுகின்ற எவரும், இந்தப் பக்கங்களில் எழுதுகின்ற நாமும், இவ்வழக்கில் கட்சிக்காரரே.

குழுவைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவோம். நோயல் காலகர், லியம் காலகர் என்னும் உடன்பிறந்தார் இருவரே அதன் உயிர். அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில் உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். மூத்தவர் நோயல் பாட்டுக் கட்டுவார். இளையவர் லியம் பாடுவார். இருவரும் ஓயாமற் சண்டையிடுவார்கள். 1994 ஆகஸ்டில் வந்த ‘டெஃபினிட்லி மேபி’ என்ற முதல் தட்டு, அதுவரை பிரிட்டனில் வெளியான முதல் தட்டுகளுள் மிக விரைவாக விற்றது எனப் பெயர் பெற்றது. அதற்கு விமர்சகர்களும் மனமுவந்து பாராட்டு வழங்கியிருந்தார்கள். இரண்டாவது தட்டை வேல்ஸ் நாட்டில் ராக்ஃபீல்டு என்னும் பண்ணைவீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில், 1995 மே மாதத்தில் தொடங்கிச் சில வாரங்களில் பதிவுசெய்து முடித்தார்கள்.

தட்டு வெளியாவதற்கு முன்பே ஒரு போர் மூண்டிருந்தது. 1995 ஆகஸ்ட் 14-ஆம் நாள், ஒயாசிஸின் ‘ரோல் வித் இட்’ என்ற தனிப்பாட்டும், பிளர் என்ற லண்டன் குழுவின் ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்ற தனிப்பாட்டும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. செய்தி ஒலிபரப்புகளிலும் இடம்பெறும் அளவுக்கு அது நாட்டுப் பேச்சாயிற்று. வடக்கத்தியாருக்கும் தெற்கத்தியாருக்கும், உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடுத்தர வகுப்பாருக்கும் நடக்கும் பூசலாகவே பத்திரிகைகள் அதனைச் சித்திரித்தன. பிளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000 என்று கணக்கு முடிந்தது. அடுத்த மாதமே பிளரின் ‘த கிரேட் எஸ்கேப்’ என்ற தட்டு வந்தது; ஏடுகள் அதனை வானளாவப் புகழ்ந்தன. (சில ஆண்டுகளில் அக்குழுவின் பாடகரே அத்தட்டைத் தம் தரமற்ற படைப்புகளுள் ஒன்றாக ஒதுக்கிவிட்டார்.) ஆக, ‘மார்னிங் குளோரி’ மேசைக்கு வந்தபோது, அது தோற்ற கட்சியின் சரக்கு என்ற எண்ணம் விமர்சகர் சிலர் உள்ளத்திலேனும் இருந்திருக்கும் எனக் கருதுவது தவறாகாது.

இனி அவர்கள் சாட்டிய குற்றங்களைப் பார்ப்போம். அவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட நாம் அணியமாக இல்லை.

தலையாய குற்றச்சாட்டு சொற்களைப் பற்றியது. ‘க்யூ’ என்ற இசைத் திங்களிதழின் மதிப்புரையாளர், இப்பாட்டுகளின் வரிகள் சந்தத்துக்குப் பொருந்துகின்றன, இடத்தை நிரப்புகின்றன, அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை என்ற கருத்துப்பட எழுதினார். ‘மெலடி மேக்கர்’ வார இதழோ, சிற்சில இடங்களில் உயர்ந்தாலும் பெரும்பாலும் சோம்பிச் சோர்ந்த வேலை என்று தீர்த்தது. சொல்லழகு உண்டு, பொருளில்லை என்ற இந்தக் குறை அரபு இலக்கியம் ஓதியவர்க்குப் பழகிய ஒன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு குதைபா, கவிதைகளை நான்காக வகுத்தார். சொல்லும் பொருளும் சிறந்தவை ஒரு வகை. சொல் சிறந்து, தேடிப் பார்த்தால் பொருளில் பயனில்லாதவை மற்றொரு வகை. பொருள் சிறந்து சொல் தாழ்ந்தவையும், இரண்டுமே தாழ்ந்தவையும் ஏனைய இரண்டு. இரண்டாம் வகைக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு, மினாவில் கிரியைகளை முடித்து ஊர் திரும்பும் பயணிகளைப் பற்றிய புகழ்பெற்ற சில அடிகள். ஓசை இனிது, ஆனால் ‘கடமை முடித்தோம், ஒட்டகமேறிப் பேசிக்கொண்டே புறப்பட்டோம்’ என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி.

இரு நூற்றாண்டு கழித்து வந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி, ‘அஸ்ராருல் பலாகா’வில் இதே அடிகளை எடுத்துக்கொண்டு விடையிறுத்தார். சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பிழிந்தால் பொருள் அகப்படாமற் போகலாம். அவை அடுக்கப்பட்ட முறையில், கடமை முடிந்த மனத்தின் இளைப்பாறலும், கூட்டுப் பயணிகளின் களிப்பும், வாகனங்களின் நடையை நீரோட்டமாகக் காட்டும் கற்பனையும் கூடிப் பொருளாகின்றன என்று அவர் நிறுவினார். ஒரே அடிகள்தாம், படித்தவர் இருவர், படித்த முறை வேறு.

ஒயாசிஸ் பாட்டுகளுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பது மிகையென்று தோன்றலாம். இருப்பினும் வைத்துப் பார்த்தால், ‘க்யூ’ மதிப்புரையாளர் தாளில் எழுதிய சொற்களைப் பார்த்துத்தான் தீர்ப்புக் கூறினார் என்பது விளங்கும். பாட்டு என்பது சொல் மட்டுமன்று. லியம் ஒரு நெடிலை இழுத்து மூக்கின் வழியே அரைத்து விடும்போது, தாளில் வெறுமையாகக் கிடக்கும் சொல்லில் ஏக்கமும் எகத்தாளமும் ஒருங்கே ஏறுகின்றன. அப்துல் காஹிர் சொன்ன அடுக்குமுறையில் குரலும் மெட்டும் சேர்ந்துவிட்ட கலை இது. அதைக் கண்ணால் படித்துப் பொருளில்லை என்பது, கனியைக் காதில் வைத்துப் பார்த்துச் சுவையில்லை என்பது போலாகும்.

அதற்காக, எல்லாப் பாட்டும் அந்தத் தரத்தில் நிற்கின்றன என்று நாம் கூறவரவில்லை. ‘ரோல் வித் இட்’ வெறும் ஆரவாரம். தட்டின் கடைசிப் பாட்டாகிய ‘ஷாம்பெய்ன் சூப்பர்நோவா’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதன் சொற்களுக்குப் பொருள் என்னவென்று தமக்கே தெரியாது எனக் கட்டிய நோயலே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். (அப்பெயரிலுள்ள மதுவைப் பற்றி நாம் முகம் சுளிக்கப் போவதில்லை. அம்ரு இப்னு குல்ஸூமின் கஸீதா மதுவில்தான் தொடங்குகிறது. அதை ஓதாமலா நாம் அரபு கற்றோம்?) ஆனால் ‘காஸ்ட் நோ ஷேடோ’ என்ற பாட்டை எந்தத் தராசில் வைத்தாலும் பொருளற்றது என்று தள்ள முடியாது. ‘த வெர்வ்’ குழுவின் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு உரிமையாக்கப்பட்ட பாட்டு அது. சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் சொற்களின் பாரத்தையே சுமந்து திரியும் ஒருவனின் நிலை அதில் இருக்கிறது. சொல் இல்லை என்று குறைகூறப்பட்ட தட்டிலேயே சொல்லின் சுமையைப் பற்றிய பாட்டு இருந்ததையும், அவசரத்தில் எழுதியவர்கள் நின்று கவனிக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு திருட்டு. இதில் குழுவினர் தப்ப வழியில்லை. முதற்பாட்டாகிய ‘ஹலோ’வில் கேரி கிளிட்டரின் பழைய பாட்டொன்று வெளிப்படையாகவே வந்து போகிறது, அதனால் அதை இயற்றியோர் பெயரும் உரிமையில் சேர்க்கப்பட்டது. ‘ஸ்டெப் அவுட்’ என்ற பாட்டு ஸ்டீவி வொண்டரின் பாட்டொன்றை ஒத்திருந்தமையால் வெளியீட்டுக்கு முன்பே தட்டிலிருந்து நீக்கப்பட்டது. ‘டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ பாட்டின் பியானோத் தொடக்கம் ஜான் லெனனின் ‘இமேஜின்’ பாட்டை நினைவூட்டுவதை இசையறியாத நம் செவியே கண்டுகொள்கிறது. ‘வொண்டர்வால்’ என்ற பெயரே ஜார்ஜ் ஹாரிசன் 1968-இல் வெளியிட்ட திரைப்பட இசைத்தட்டின் பெயரிலிருந்து வந்தது.

மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘முக்தஸருல் மஆனி’யின் இறுதியில் இலக்கியத் திருட்டைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. முழுவதையும் அப்படியே எடுப்பது, எடுத்து உருமாற்றுவது, பொருளை மட்டும் உரித்தெடுத்துப் புதுச் சொல் போர்த்துவது என வகைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் பிந்தியவன் முந்தியவனை விஞ்சினால் புகழ் யாருக்கு, குன்றினால் பழி யாருக்கு என்று நுட்பமாகக் கணக்கிடுவார்கள். எடுத்தானா என்பதோடு அந்த ஆராய்ச்சி நிற்பதில்லை. எடுத்து என்ன செய்தான் என்பதே அதன் சாரம். 1995-இன் மதிப்புரையாளர்களில் பலர் முதற்கேள்வியோடு நின்றுவிட்டார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால், ‘ஹலோ’ கடன் வாங்கி வட்டியும் கட்டாத பாட்டு என்றும், ‘டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ வாங்கிய சில கணத்து இசையைக் கொண்டு வேறொரு வீடு கட்டிக்கொண்டது என்றும் பிரித்துக் காட்டியிருக்கலாம். அப்படிப் பிரித்துக் காட்டுவதுதானே விமர்சகனுக்குரிய தொழில்?

மூன்றாவது குறையொன்று அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. ஒலிப்பதிவு வல்லுநர்கள் பின்னாளில் சுட்டிக்காட்டினார்கள். நோயலோடு சேர்ந்து தட்டை உருவாக்கிய ஓவன் மாரிஸ், மெல்லிய ஒலிக்கும் வலிய ஒலிக்கும் இடையிலுள்ள இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் நிறுத்திவிட்டார். கூச்சல் மிகுந்த விடுதியிலும் ஓடும் காரிலும் அது பிற பாட்டுகளை அமுக்கிக்கொண்டு கேட்கும். வீட்டில் அமர்ந்து முழுத்தட்டையும் கேட்டால் செவி களைத்துவிடுகிறது. ஏனைய குழுக்களும் போட்டியிட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போனதற்கு இத்தட்டு ஒரு தொடக்கம் என்பர். உண்மையில் கண்டித்திருக்க வேண்டியது இதையே.

ஆக, மதிப்புரைகளில் பாதி சரி, பாதி அவசரம். அட்லாண்டிக்கின் மறுகரையில் ‘ரோலிங் ஸ்டோன்’ போன்ற ஏடுகள் முதல் தட்டைவிட இது பெரிய முன்னேற்றமென்று எழுதியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதனப்பியின் அன்பர்களும் பகைவர்களும் எல்லை மீறிப் பூசலிட்ட காலத்தில், நீதிபதியாகிய மற்றொரு அல்ஜுர்ஜானி, இரு தரப்புக்கும் நடுநின்று ‘அல்வஸாத்தா’ என்ற நூலை எழுதினார். முன்னோரான பெருங்கவிஞரும் பிழைக்கு விலக்கல்லர், எனவே சில பிழைகளைக் காட்டி ஒருவனை முற்றாக வீழ்த்துவது முறையன்று என்பது அவர் வைத்த வாதம். பிழைகளை மறைக்கவும் இல்லை. நிறைகளை அழிக்கவும் இல்லை. ‘மார்னிங் குளோரி’க்கு வேண்டியிருந்தது அப்படியொரு நடுநிலை. கிடைத்ததோ முதலில் கைவிரிப்பு, பிறகு சரணாகதி.

சரணாகதி எப்படி வந்ததென்று பாருங்கள். தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மொத்தம் பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1996 பிப்ரவரியில் பிரிட் விருது விழாவில் சிறந்த குழு, சிறந்த தட்டு, சிறந்த ஒளிப்படம் என மூன்று விருதுகள். அவ்வாண்டு ஆகஸ்ட் 10, 11 ஆகிய இரு நாளும் நெப்வொர்த் வெளியில் நடந்த கச்சேரிக்கு இரண்டரை இலட்சம் பேர் வந்தார்கள். நுழைவுச்சீட்டு வேண்டி 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தார்கள். இவ்வளவையும் கண்ட பிறகு, ஓராண்டுக்கு முன் உதட்டைப் பிதுக்கிய ஏடுகளே அக்குழுவைக் காலத்தின் குரலென்று அட்டையில் போட்டுக் கொண்டாடின.

கருத்தை மாற்றிக்கொள்வது இழிவன்று. இமாம் ஷாஃபிஈ அவர்கள் எகிப்து சென்ற பின் தமது முந்திய தீர்ப்புகள் பலவற்றை மாற்றியதை, பழைய கூற்று, புதிய கூற்று என்று இன்றும் பிரித்தே ஓதுகிறோம். அங்கே மாற்றத்துக்குக் காரணம் காட்டப்பட்டது. பழையது இன்னதென்று மறைக்கப்படவும் இல்லை. ஒயாசிஸ் விவகாரத்தில், ‘சொற்களைத் தாளில் பார்த்துத் தவறாக எடைபோட்டோம், செவியால் கேட்டிருக்க வேண்டும்’ என்று எத்தனை விமர்சகர் காரணம் எழுதினார்கள்? தட்டு மாறவில்லை, பாட்டுகள் மாறவில்லை, மாறியது விற்பனைத் தொகை ஒன்றே. நன்னூலார் நூலாசிரியனுக்குரிய மதம் ஏழு என்று வகுத்தார். உடன்படுதற்கு அங்கே இடமுண்டு, மறுத்தற்கு இடமுண்டு, தான் நாட்டியதைத் தானே நிறுவுதற்கும், இருவர் மாறுபடுமிடத்தில் ஒன்றைத் துணிதற்கும் இடமுண்டு. கூட்டம் பெருத்துவிட்டதென்று மாறிக்கொள்வதற்கு அவர் எட்டாவதாக ஒரு மதம் வகுக்கவில்லை.

இதன் விளைவு 1997 ஆகஸ்ட் 21-ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று ‘பீ ஹியர் நவ்’ என்ற மூன்றாவது தட்டு வந்தது. வெளியீட்டுக்கு முன் அதைக் கேட்க வந்த பத்திரிகையாளர்களிடம் இரகசியம் காப்பதாக ஒப்பம் வாங்கும் அளவுக்குக் குழுவின் நிர்வாகத்தார் செருக்கடைந்திருந்தார்கள், பத்திரிகையாளர்களும் ஒப்பமிட்டார்கள். எழுபது நிமிடத்துக்கு மேல் நீளும் தட்டு. அடுக்கடுக்காகக் கிட்டார் ஒலி. தேவையின்றி இழுக்கப்பட்ட பாட்டுகள், அவற்றுள் ஒன்று ஒன்பது நிமிடத்தைத் தாண்டுகிறது. ‘மார்னிங் குளோரி’யின் குறைகளெல்லாம் இங்கே இருமடங்காயின, அதன் மெட்டுகளோ குறைந்தன. ஆனால் மதிப்புரைகள்? ‘க்யூ’ ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. பிற ஏடுகளும் போட்டியிட்டுப் புகழ்ந்தன. முதல்நாளே நான்கு இலட்சத்துக்கு மேல் விற்றது. சில மாதங்களில் வாங்கியவர்களின் முகம் வாடியது. குழுவினர் 2006-இல் தமது தேர்ந்தெடுத்த பாட்டுகளைத் தொகுத்தபோது, ‘பீ ஹியர் நவ்’ தட்டிலிருந்து ஒரு பாட்டைக்கூட எடுக்கவில்லை. நோயலே அதைப் பலமுறை இழித்துரைத்தார். 1995-இல் செய்த பிழையைச் சரிக்கட்டவே 1997-இல் ஏடுகள் மிகையாகப் புகழ்ந்தன என்பது அக்கால இசை வரலாற்றை எழுதுவோர் பலர் ஒப்பும் செய்தி.

நம் கணிப்பில், 1995-இன் மதிப்புரைகளைவிட 1997-இன் மதிப்புரைகளே பெரிய குற்றம். முன்னதில் விமர்சகன் தன் செவியை நம்பித் தவறினான். பின்னதில் அவன் தன் செவியை நம்பவே இல்லை. அடுத்தவன் பணப்பையின் ஓசைக்குக் காது கொடுத்தான். அவன் சொல்லை நம்பிக் கடைக்குப் போனவன் பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம், வாரக்கூலி வாங்கும் தொழிலாளியாக இருக்கலாம். தட்டு ஒன்றின் விலை அவனுக்குச் சிறியதன்று. நல்லதை அல்லதென்று சொன்ன சாட்சியால் அவனுக்கு நட்டமில்லை, எப்படியும் வாங்கிக் கேட்டு மகிழ்ந்தான். அல்லதை நல்லதென்று சொன்ன சாட்சிதான் அவனை ஏமாற்றியது.

ரசிகர் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு என்று இதனால் ஆகிவிடுமோ என்று கேட்கலாம். ஆகாது; ‘பீ ஹியர் நவ்’ தட்டை முதல் நாளில் அள்ளிச் சென்றதும் அதே ரசிகர்தாம். ஆனால் ரசிகரிடமிருந்து விமர்சகன் கற்க வேண்டிய ஒன்று உண்டு. 2017 மே 22-ஆம் நாள் மான்செஸ்டர் அரங்கில் ஒரு கொடியவன் வெடிக்கச் செய்த குண்டில், குழந்தைகள் உட்பட 22 உயிர்கள் போயின. மூன்று நாள் கழித்து, நகரின் புனித ஆன் சதுக்கத்தில் மக்கள் கூடி ஒரு நிமிட மௌனம் காத்தனர். மௌனம் முடிந்ததும் கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி ‘டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ பாட்டைத் தனியே தொடங்க, சூழ நின்றோர் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து பாடினார்கள். எவரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த ஊர் தன் துயரத்தையும், சினத்தில் திரும்பிப் பாராமையையும் சொல்லிக்கொள்ள, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பொருளில்லை என்று ஒதுக்கப்பட்ட தட்டிலிருந்துதான் சொற்களை எடுத்துக்கொண்டது. அச்சொற்களில் அப்பொருள் முன்பே இருந்ததா, பாடியவர்கள் கொண்டுவந்து வைத்ததா? இப்னு குதைபாவின் கட்சிக்காரர் இரண்டாவது என்பார். நாமும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறோம். ஆயினும், பொருள் வந்து தங்குவதற்கு இடம்விட்டுக் கட்டப்பட்ட பாட்டு என்பதும் ஒரு தகுதிதானே. எல்லா வெறுமையிலும் மக்கள் குடியேறுவதில்லை. அதே குழுவின் ஆரவாரப் பாட்டுகளை அந்தச் சதுக்கத்தில் எவரும் தொடங்கவில்லை.

‘மெலடி மேக்கர்’ 2000-ஆம் ஆண்டு முடிவில் வேறோர் ஏட்டோடு இணைந்து மறைந்தது. ‘க்யூ’ 2020-இல் அச்சு நின்றது. ஒயாசிஸும் 2009-இல் பாரிசில் உடன்பிறந்தார் சண்டையோடு கலைந்து, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 2025 ஜூலை 4-ஆம் நாள் வேல்ஸின் கார்டிஃப் நகரில் மீண்டும் மேடையேறியது. அன்றைய கச்சேரி ‘மார்னிங் குளோரி’யின் முதற்பாட்டாகிய ‘ஹலோ’வில் தொடங்கியது, அதே தட்டின் கடைசிப் பாட்டாகிய ‘ஷாம்பெய்ன் சூப்பர்நோவா’வில் முடிந்தது. ஐந்து நட்சத்திரத் தட்டிலிருந்து இடையில் இரண்டே பாட்டுகள் வந்து போயின. அக்கச்சேரியைப் பற்றி வெளிவந்த புகழுரைகளை, 1995, 1996, 1997 ஆகிய மூவாண்டுத் தீர்ப்புகளையும் மனத்தில் வரிசையாக நிறுத்திக்கொண்டுதான் நாம் படித்தோம்.